வாசகர் கேள்வி – பதில்: பார்வைகளும் பகிர்வுகளும் வாக்குகள் ஆகுமா?

கேள்வி: கடந்த மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் இணையச் செய்தித் தளங்களின் முகநூல் பக்கங்களையும் யூடியூப் சேனல்களையும் நாள்தோறும் பார்த்துவந்தேன். சில காணொளிகளுக்கு லட்சக்கணக்கில் பார்வைகள், ஆயிரக்கணக்கில் பகிர்வுகள். இவற்றைக் கொண்டு எங்கள் தொகுதியின் போக்கைக் கணிக்க முடியுமா?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முடியாது. உங்கள் வாக்கு எண்ணப்படுவது ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய சேலம் மக்களவைத் தொகுதியில். காணொளியின் பார்வைக் கணக்குக்கோ எல்லை என்று எதுவும் இல்லை. துபாயில் வேலை பார்ப்பவரும், 18 வயது நிரம்பாத மாணவரும், அதே காணொளியை மூன்று முறை ஓடவிட்டவரும் அதில் அடக்கம். ஒரு தலைவரின் பேச்சைக் கண்டித்து நாலு வரி எழுதிப் பகிர்பவரும் அந்தப் பேச்சின் பகிர்வுக் கணக்கைத்தான் கூட்டுகிறார். ஆதரவா எதிர்ப்பா என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, அந்த எண்ணிக்கை செய்தியையே வளைத்துவிடுவதுதான். பார்வை கூடினால் விளம்பர வருமானம் கூடும் என்பதால், ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து சண்டைக்கு இழுக்கும் அரை நிமிடம் தனியே வெட்டப்படுகிறது. குடிநீரையும் நெசவுக் கூலியையும் பற்றிப் பேசிய பகுதி யார் கண்ணிலும் படாமல் போகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், அதற்குப் பெரும் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் கண்டறிந்தனர்.

பொய்யே கலக்காமலும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு அதே மாதம் 18ஆம் தேதி. நீதிமன்றம் ரத்து செய்தது நிலம் கையகப்படுத்துவதற்கான அறிவிப்பாணைகளை. மேல்முறையீட்டுக்கு வழி திறந்தே இருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பாணைகள் செல்லும் என்று கூறிவிட்டது. ‘எட்டு வழிச்சாலை ரத்து’ என்ற தலைப்போடு நின்றுவிட்டவருக்கும் தீர்ப்பின் விவரத்தைப் படித்தவருக்கும் அன்று கிடைத்தவை வெவ்வேறு செய்திகள். நிலத்தை இழக்கவிருந்த பூலாவரி, ராமலிங்கபுரம் விவசாயிகளுக்கு அந்த வேறுபாடு வாழ்வாதாரப் பிரச்சினை.

வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். சொத்து, கடன், குற்ற வழக்குகள், கல்வித் தகுதி ஆகியவற்றோடு அவருடைய சமூக ஊடகக் கணக்குகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவர் பெயரில் வரும் ஒரு பதிவு உண்மையில் அவருடைய கணக்கிலிருந்து வந்ததா என்பதை அதை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: “பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம், ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் ‘டெண்டர் ஓட்டு’ விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும்” என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி உண்மையா?
— வாசகர், ஏற்காடு

பதில்: இரண்டுமே பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்களிக்க இயலாது. ‘சேலஞ்ச்’ என்பது, வாக்களிக்க வந்தவர் உண்மையில் அந்த நபர்தானா என்று வேட்பாளரின் முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்புவது. வாக்காளருக்குத் தரப்படும் சலுகை அல்ல. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால், 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி உங்களுக்கு வாக்குச்சீட்டு தரப்படும். அதுதான் ‘டெண்டர் ஓட்டு’. அதற்கும் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

இந்தப் பொய்யால் உண்மையாகவே ஒருவரின் வாக்கு பறிபோகும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது; தமிழ்நாட்டில் 2024இல் அந்த நாள் மார்ச் 27. இச்செய்தியை நம்பிப் பட்டியலைப் பார்க்காமல் இருந்துவிட்டு, வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று எஸ்டேட்டிலிருந்து நடந்து சாவடிக்கு வந்த தொழிலாளிக்கு எவராலும் உதவியிருக்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் வாட்ஸ்அப் செய்தி பலமுறை கைமாறியது என்பதையும் குழுவில் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதியைச் சேர்ந்தது. ‘சேலத்தில் யார் முன்னிலை’ என்ற காணொளிகளில் வரும் வேட்பாளர்களின் பெயர்கள் உங்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருக்காது.

கேள்வி: செய்தி போலவே தோன்றும் கட்சி விளம்பரங்களைப் பற்றி எங்கே புகார் செய்வது?
— வாசகர், ஓமலூர்

பதில்: மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம். சமூக ஊடகங்களில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கும் முன்சான்று பெற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே அறிவுறுத்தியுள்ளது. முகநூல் விளம்பரமாக இருந்தால், பணம் கொடுத்தவர் யார், ஏறக்குறைய எவ்வளவு செலவானது என்பதை மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் பார்க்கலாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி கண்ணெதிரே நடக்கும் விதிமீறலை அந்த இடத்திலேயே படம் பிடித்து அனுப்புவதற்கானது. இணையப் பதிவுகளுக்கு அது பொருந்தாது. எனவே எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவின் இணைய முகவரியையும் தேதியையும் நேரத்தையும் சேர்த்து அனுப்பினால், பதிவு பின்னர் நீக்கப்பட்டாலும் விசாரணையைத் தொடங்க அவை உதவும்.