பைக் பார்க்கில் விபத்து: அப்பா போட்ட கையெழுத்து மகனைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: பிரிட்டிஷ் கொலம்பியாவில் பர்னபியில் இருக்கிறோம். கடந்த ஆகஸ்டில் நானும் 16 வயது மகனும் ஒரு பனிச்சறுக்கு மலையின் கோடைக்கால பைக் பார்க்குக்குப் போனோம். லிஃப்டில் சைக்கிளோடு மேலே ஏறி, மலைப்பாதையில் இறங்கி வரும் இடம். சைக்கிள்களை அந்த நிர்வாகத்தின் கடையிலேயே வாடகைக்கு எடுத்தோம். முந்தைய இரவே பொறுப்புத் துறப்புப் படிவத்தை (எல்லோரும் வெய்வர் என்பது) இணையத்தில் எனக்கும் அவனுக்கும் சேர்த்து நானே நிரப்பினேன். நீலச் சதுரக் குறியிட்ட (நடுத்தரக் கடினமான) பாதையில் ஒரு மேட்டில் தாவியபோது ஹேண்டில்பார் தனியாகத் திரும்பிக்கொண்டது, முன்சக்கரம் நேராகவே இருந்தது என்கிறான் மகன். அவன் விழுந்ததும், பின்னால் வந்த நான் நிறுத்த முடியாமல் அவன்மேல் மோதினேன். அவனுக்கு மணிக்கட்டிலும் முழங்கையிலும் முறிவு, இரண்டு அறுவை சிகிச்சை. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. பத்து மாதம் கழித்து, இருவருக்கும் சேர்த்து 6,000 டாலர் தருவதாக மலை நிர்வாகத்தின் காப்பீட்டு நிறுவனம் ஒரு சமரசப் படிவம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் உரிமையும் மகனின் உரிமையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அந்தச் சமரசப் படிவம் இரண்டையும் ஒரே முடிச்சில் போடப் பார்க்கிறது.

முதலில் உங்கள் நிலை. அது பலவீனமானது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மலையை நடத்துபவர், வருகிறவர்களின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது இந்த மாகாணத்தின் இடம் வைத்திருப்போர் பொறுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஆனால் அந்தக் கடமையை ஒப்பந்தத்தால் குறைக்கவோ நீக்கவோ 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நிபந்தனையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர நியாயமான முயற்சி எடுத்திருந்தால் போதும். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் 1988-லிருந்தே இங்கே எடுபடுவதில்லை. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த விஸ்லர் ஜிப்லைன் வழக்கில் நிறுவனம் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டது. ஒருவர் கம்பியில் நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்தவரை அனுப்பிவிட்டார்கள். அப்போதும் பொறுப்புத் துறப்பு செல்லும் என்றே தீர்ப்பு. 2017-ல் ஒரு பைக் பார்க் வழக்கும் அதே வழியில் தள்ளுபடியானது.

2020-ஆம் ஆண்டின் கிரவுஸ் மலைத் தீர்ப்பைப் பலர் சுட்டிக்காட்டுவார்கள். டிக்கெட் வாங்கியபின் கண்ணில் படும் பலகையை, வாங்கும் முன்பே கொடுத்த அறிவிப்பாகக் கொள்ள முடியாது என்றது அது. ஆனால் அங்கே யாரும் கையெழுத்திடவில்லை. முந்தைய இரவே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிய உங்களுக்கு அது பெரிதாக உதவாது. உங்களுக்கு மிஞ்சும் ஒரே கேள்வி, சைக்கிள் வாடகையும் அதன் பழுதும் அந்தப் படிவத்தின் வாசகத்துக்குள் வருகின்றனவா என்பது. மின்னஞ்சலில் வந்த பிரதியை அழிக்காதீர்கள். வாடகைக் கடையில் தனியாகக் கையெழுத்திட்ட தாள் இருந்தால் அதுவும் வேண்டும்.

மகனின் கதை வேறு. இந்த மாகாணத்தில் 19 வயது நிறையும்வரை ஒருவர் சிறார். பிள்ளை வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று 2009-ல் ஒரு தற்காப்புக்கலைப் பயிற்சிக்கூட வழக்கில் மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அவன் பெயருக்கு நீங்கள் போட்ட டிக் அவன் வழியை மறிக்காது. இப்போது வந்திருக்கும் சமரசமும் அப்படித்தான். அவன் பங்குக்கு 50,000 டாலர் வரை என்றால் மாகாணத்தின் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் ஒப்ப வேண்டும், அதற்கு மேல் நீதிமன்றம் ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத உங்கள் கையெழுத்து அவனைக் கட்டாது, உங்களைக் கட்டும். அந்தச் சமரசப் படிவத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். மகன் பின்னால் வழக்குப் போட்டால் வரும் செலவை நீங்கள் ஈடுகட்டுவதாக ஒரு வரி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள்.

மகனுக்குப் பொறுப்புத் துறப்புப் படிவம் தடையில்லை என்பதால் வழக்கு வென்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேட்டைத் தவறாகக் கணித்து விழுந்தால் அது விளையாட்டோடு வரும் ஆபத்து. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்வாக இருந்தது என்பதை மகன் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஒற்றைக் கிரவுன் ஃபோர்க் (முன்சக்கரக் கவையின் மேலே ஒரே இணைப்புத் தண்டு) உள்ள சைக்கிளில் ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு) பின்பக்கத்திலுள்ள இரண்டு சிறிய போல்ட்டுகள்தான் ஹேண்டில்பாரை முன்சக்கரத்தோடு பிணைக்கின்றன. ஸ்டெம்மின் உச்சியில் தெரியும் மூடியின் போல்ட் பேரிங்கின் ஆட்டத்தைச் சரிசெய்ய மட்டுமே. அதை எவ்வளவு முறுக்கினாலும் பிடிமானம் வராது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது பல ஸ்டெம்களில் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். முந்தைய வாடகையாளர் விழுந்து கோணலான ஹேண்டில்பாரை நேராக்க கடையில் அந்த இரண்டையும் தளர்த்துவார்கள். பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் கருவி) வைத்து முறுக்காமல், கை அழுத்தத்தோடு விட்டால் சமதரையில் ஒன்றும் தெரியாது. தாவி இறங்கும்போது திரும்பிவிடும்.

எதிர்த்தரப்பு தலைகீழாகச் சொல்லும்: விழுந்த அடியில்தான் ஹேண்டில்பார் திரும்பியது, அதற்கு முன் இறுக்கமாகவே இருந்தது என்று. சரியாக முறுக்கிய ஸ்டெம்மும் பலமான அடியில் திரும்பக்கூடும் என்பதால் அந்த வாதத்தை லேசாக எடுக்க முடியாது. விழும் முன்பா, விழுந்த பின்பா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. உங்கள் ஹெல்மெட்டில் கேமரா இருந்திருந்தால் அதன் நினைவக அட்டையை அப்படியே எடுத்து வையுங்கள். வெட்டவோ சுருக்கவோ வேண்டாம், யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். மகன் அந்தரத்தில் இருக்கும் அந்த ஓரிரு நொடிகளைச் சட்டகம் சட்டகமாகப் பார்க்கும் ஒரு நிபுணரால் பதில் சொல்ல முடியும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, யாரும் கை வைக்கும் முன் போல்ட்டுகளில் எவ்வளவு முறுக்கு மிச்சம் இருந்தது என்று அளந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். பத்து மாதம் போய்விட்டது. வாடகை சைக்கிள்களைப் பருவம் முடிந்ததும் விற்பது வழக்கம். இருந்தாலும் இந்த வாரமே வழக்கறிஞர் வழியாகச் சான்றுகளை அழிக்கக்கூடாது என்று கடிதம் அனுப்புங்கள். பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் தொடர் எண் வாடகை ரசீதில் இருக்கிறதா பாருங்கள். அந்தச் சைக்கிளின் முந்தைய பழுதுச் சீட்டுகள், அன்று காலையின் சோதனைப் பட்டியல், அதில் ஒப்பமிட்ட மெக்கானிக் யார், விபத்துக்குப் பிறகு என்ன பாகம் மாற்றினார்கள், மலைமீட்புக் குழுவின் அறிக்கை, லிஃப்ட் வாசலில் பாஸை ஸ்கேன் செய்த நேரம், இவை அனைத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

காலவரம்பு: உங்கள் கோரிக்கைக்கு, பாதிப்பும் அதற்குக் காரணமானவரும் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். பாதுகாப்பாக விபத்து நாளிலிருந்தே எண்ணுங்கள். இன்னும் 14 மாதம் இருக்கிறது. மகனுக்கு அந்தக் கடிகாரம் 19 வயதில்தான் ஓடத் தொடங்கும். ஆனால் எதிர்த்தரப்பு பெற்றோருக்கும் பொதுப் பாதுகாவலருக்கும் முறையான அறிவிப்பு அனுப்பினால் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு தபால் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். வழக்குத் தாக்கலானால் 21 நாளுக்குள் மாகாண அரசுக்கும் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் அறுவை சிகிச்சைச் செலவை அரசு திரும்பக் கேட்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அவன்மேல் மோதியிருக்கிறீர்கள். போதிய இடைவெளி விடாமல் வந்தார், காயத்தில் ஒரு பங்கு அவருடையது என்று சொல்லி எதிர்த்தரப்பு உங்களையே வழக்கில் இழுக்கலாம். அதனால் மகனின் வழக்கு நடத்தும் பாதுகாவலராக நீங்கள் இருக்கக்கூடாது. அவன் அம்மா இருக்கட்டும். உங்களுக்கும் அவனுக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டில் இவ்வகை வழக்குக்கு அதிகபட்சம் 40 சதவீதம்தான் வாங்கலாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா முதல் சந்திப்புக்குப் போகும்போது மருத்துவமனைக் குறிப்புகளையும், கேமராவின் நினைவக அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போகட்டும். காப்பீட்டு நிறுவனம் தொலைபேசியில் அழைத்தால் விபத்தை விவரிக்காமல், வழக்கறிஞர் எழுதுவார் என்று மட்டும் சொல்லுங்கள்.