திருகோணமலைக்காக வல்லரசுகள் இவ்வளவு மல்லுக்கட்டுகின்றனவே, பிறகு ஏன் அங்கே ஒன்றும் நகரவில்லை?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, இந்தியா, சீனா, அமெரிக்கா எல்லோரும் கண் வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள்; அப்படியானால் திருகோணமலை ஏன் கொழும்பு மாதிரி வளரவில்லை? அடுத்தது, ஒவ்வொரு ஒப்பந்தம் வரும்போதும் "தாரை வார்த்துவிட்டார்கள்" என்று கூச்சல் எழுகிறதே, அது உண்மையா என்று சாதாரண வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் கேள்விக்கு வைக்கோல் பட்டறை நாயின் கதையே பாதிப் பதில். இந்தத் துறைமுகம் தனக்கு வேண்டும் என்பதைவிட, மற்றவன் கையில் போய்விடக் கூடாது என்பதுதான் ஒவ்வொரு தரப்பின் கணக்கும். மறிப்பதற்கு அதிகம் செலவில்லை, ஒரு கடிதம் போதும். கட்டி எழுப்பத்தான் காசு வேண்டும்.

இது பழைய கணக்கு. பாய்மரக் காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடமில்லை. சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது, திறந்த கடல். வங்காள விரிகுடாப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாமல் ஒரு கடற்படையே நிற்கக்கூடிய இடம் திருகோணமலை. இதை வைத்திருப்பவன் புயல் மாதங்களிலும் இந்தியக் கரைக்கு அருகிலேயே இருப்பான்; இல்லாதவன் பம்பாய்க்கு ஓட வேண்டும். 1782 ஒரே ஆண்டில் ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் பிரித்தானியரிடமிருந்து பிடித்தார், பிறகு சமாதான உடன்படிக்கையில் மறுபடி ஒல்லாந்தருக்கே போனது. 1795இல் வந்த பிரித்தானியர் 1957 வரை கடற்படைத் தளத்தை விடவில்லை.

இன்று வணிகக் கப்பலுக்கு அந்தத் தேவை இல்லை. கிழக்கு மேற்குக் கப்பல் பாதை இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. அம்பாந்தோட்டைக்கு அது கூப்பிடு தூரம், கொழும்புக்குக் கொஞ்சம் சுற்று, திருகோணமலைக்கோ கிழக்குக் கரை வழியாக மேலே ஏற வேண்டும். கொள்கலன் கப்பல் நடத்துபவர் மணிக்கணக்கையும் எரிபொருளையும் பார்ப்பவர். ஆழமான குடா என்பதற்காக மட்டும் வரமாட்டார். ஆகவே "வளராததற்குச் சதிதான் காரணம்" என்று எழுதுபவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்க்கட்டும்.

படைத்துறைக் கணக்கு வேறு. கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்தே பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட நீலத் திமிங்கிலம் வருவதும் அதனால்தான். அதே குடாவில் மகாவலி நன்னீரைக் கொட்டுகிறது. நீரின் உப்பும் வெப்பமும் அடுக்கடுக்காக மாறினால் ஒலி நேராகப் போகாது, வளையும். ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடுபவருக்கு அது தலைவலி. வடக்கே ஏறக்குறைய 1000 கிலோமீட்டரில் விசாகப்பட்டினம், இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கிகளின் வீடு. நாகப்பட்டினமோ 300 கிலோமீட்டருக்குள். எனவே வங்காள விரிகுடாவின் வெப்பம், உப்பு, ஆழம் ஆகியவற்றை அளக்கும் எந்தக் கப்பலையும் டில்லி "ஆராய்ச்சிக் கப்பல்" என்று மட்டும் பார்க்காது. மீன்வளத்துக்கு உதவும் அதே அளவீடு நீர்மூழ்கிக்கும் உதவும். இரண்டும் ஒரே கருவியில் வருவதால் கப்பலைச் சோதித்தும் பயனில்லை.

இனி 1987. ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கடிதங்கள் பரிமாறினார்கள். ஒப்பந்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், திருகோணமலைக்கு முக்கியம் கடிதங்கள். திருகோணமலையோ இலங்கையின் வேறு எந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் படைத்துறைப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படமாட்டாது என்பது ஒன்று. பிரித்தானியர் திருகோணமலையில் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக நடக்கும் என்பது இன்னொன்று. 1980களின் தொடக்கத்தில் அத்தாங்கிகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க முயன்றபோது பின்னால் அமெரிக்கா நிற்கிறதோ என்ற சந்தேகம் டில்லிக்கு இருந்தது. கடிதம் அதற்குப் போட்ட பூட்டு.

வாசகத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டுப் போர்க்கப்பல் வரவே கூடாது என்று அங்கே இல்லை. "பாதகமான முறையில்" என்று இருக்கிறது. எது பாதகம், யார் தீர்மானிப்பது என்று இல்லை. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோதும், 2022இல் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும் சண்டை அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். 2022 ஓகஸ்ட் 15 கட்டுநாயக்கவில் இந்தியா ஒரு டோனியர் கண்காணிப்பு விமானத்தைக் கையளித்தது; மறுநாள் காலை அந்தச் சீனக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கொழும்பின் இராஜதந்திரம் எப்படி நடக்கிறது என்று கேட்பவருக்கு அந்த இரண்டு நாளைக் காட்டினால் போதும். 2024 முழுவதும் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் எதற்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவித்ததும் அதே வகை: ஒருவரை மறிக்க எல்லோரையும் மறிப்பது. கெட்டித்தனம்தான், ஆனால் தவணை முடிந்ததும் கேள்வி திரும்பி வரும்.

இப்போது தாங்கிகள். செய்தித்தாள்கள் "எண்ணெய்க் குதங்கள்" என்று எழுதுபவை இவைதான். இடம் சீனக்குடா. (பெயரைப் பார்த்து வெளியூர்க்காரர் குழம்புவார்கள், சீனக்குடாவில் எண்ணெய் வைத்திருப்பது இந்திய நிறுவனம்.) பிரித்தானியர் கட்டியவை 101, இன்று கணக்கில் 99. போனவற்றில் ஒன்று 91ஆம் இலக்கம். 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்தது. வெப்பத்தில் மெழுகு போலத் தொய்ந்து மடிந்த இரும்புத் தகடு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. மிச்சத் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீட்டர் கொள்ளும். 99ஐயும் கூட்டினால் 12 இலட்சம் கிலோலீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கேட்கப் பெரிய எண். தொழிலில் இருப்பவர் வேறு மாதிரிப் பார்ப்பார். 40,000 தொன் டீசலோடு வரும் நடுத்தரக் கப்பல் ஒன்றை இறக்க நான்கு தாங்கி வேண்டும். 20 இலட்சம் பீப்பாய் மசகெண்ணெய் ஏற்றிவரும் பெருங்கப்பலுக்கு 27 வேண்டும். இப்போது கட்டும் தாங்கிகள் ஒன்றே 50,000, ஒரு இலட்சம் கனமீட்டர் கொள்ளும். சிறு தாங்கி நிறைய என்றால் வால்வு நிறைய, குழாய் நிறைய, காவல் நிறைய.

திருத்துவதும் பூச்சடிக்கும் வேலை அல்ல. காட்டை வெட்டிப் பாதை போட்டு, உள்ளே கிடக்கும் பழைய கசடை அள்ளி, வாயு இல்லை என்று சோதித்த பிறகுதான் ஆள் இறங்கலாம். பிறகு ஒலி அலைக் கருவியால் தகட்டின் தடிப்பை அளப்பார்கள். சுவர் பெரும்பாலும் தப்பியிருக்கும். அடித்தகடுதான் மண் ஈரத்தில் கீழ்ப்பக்கமிருந்து அரித்திருக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. அடியை மாற்றி, கூரையை மாற்றி, பிறகு முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒழுக்கும் அத்திவார அமிழ்வும் பார்க்க வேண்டும். ஒரு தாங்கிக்கு 12,000 கிலோலீட்டர் தண்ணீர்! நன்னீர் கிடைக்காமல் கடல்நீர் விட்டால் உடனே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புதுத் தகடும் அரிக்கத் தொடங்கும். ஒன்றைச் சோதித்த தண்ணீரை அடுத்ததற்கு மாற்றிச் செலவைக் குறைக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு இறங்குதுறை வரை குழாய், தீயணைப்பு நுரை, தாங்கியைச் சுற்றி அணைச்சுவர். இத்தனையும் முடிந்தாலும் சந்தை மேற்கே. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் அங்கே, வாகனங்கள் அங்கே. குழாய்வழி இல்லாமல் பவுசரிலும் ரயிலிலும் நாட்டைக் குறுக்கே கடந்து ஏற்றினால் இலாபம் வழியிலேயே போய்விடும். நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலை வழியாகக் கொழும்புக்கு எரிபொருள் குழாய் என்ற யோசனை அடிக்கடி எழுவது அதனால்.

2003இல் தாங்கிகளை இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 35 ஆண்டுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த நிறுவனம் கீழ்த் தொகுதியை மட்டும் திருத்தி ஓட்டியது. மேல்தொகுதி காடாகவே கிடந்தது. இந்தியாவுக்கு அதில் பெரிய நட்டமில்லை. வேறொருவர் வரவில்லை என்பதே பாதி இலாபம். 2022 ஜனவரி 6 கையெழுத்தான ஏற்பாட்டில் லங்கா ஐஓசிக்கு 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61, குத்தகை 50 ஆண்டு. கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க. மூன்றாவது ஆளைச் சேர்த்ததை நான் பணப்பை தேடிய கதையாகத்தான் வாசிக்கிறேன்.

"தாரை வார்த்தார்களா" என்பதற்கு வருவோம். தலைப்பை விட்டு, எந்த வகைத் தாள் என்று பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத்தால் ஒரு அங்குலக் காணியும் கை மாறாது. செய்ய எண்ணியிருக்கிறோம் என்பதைத் தவிர அதில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கை மாற்றுவது குத்தகை உறுதி. 2003 ஏற்பாட்டுக்கு முறையான குத்தகை எழுதப்படவேயில்லை என்பது பின்னாளில் பெரிய சர்ச்சையானது. வருடக் கணக்கை அடுத்துப் பாருங்கள்: அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு, 112 கோடி டொலர், முன்பணம் கையில் வந்தது, தாங்கிகள் 50 ஆண்டு, அப்படிப்பட்ட பெருந்தொகை இல்லை. 51 வீதத்தைக் கண்டு மட்டும் நிம்மதியடைய வேண்டாம். முகாமைப் பணிப்பாளரை நியமிப்பது யார், எந்த முடிவுக்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்பது கம்பனியின் அமைப்பு விதிகளில் இருக்கும். சிறு பங்காளிக்கு மறுப்புரிமை இருந்தால் 49 வீதமே பூட்டுப் போடப் போதும். முதலீடு செய்யாவிட்டால் காணி திரும்புமா என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். என்னைக் கேட்டால் திருகோணமலைக்கு மிக வேண்டிய வரி அது.

ஏனென்றால் இழுபறியின் செலவு ஊருக்குத்தான். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை எடுங்கள். 2006இல் போரில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அங்கே இந்திய நிறுவனத்தோடு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்றார்கள். சனங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடக்க, காணி திட்டங்களுக்காகக் காத்துக் கிடந்தது. 2015இல் 818 ஏக்கரும் 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம், மறுபடி இந்தியாவோடு. பத்து வருடம் மறித்து வைத்த நிலத்தில் கடைசிவரை ஒரு அலகு நிலக்கரி மின்சாரமும் வரவில்லை.

ஆவணத்தை நேரே பார்க்க விரும்பினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த இலங்கைப் பிரஜையும் காரணம் சொல்லாமல் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். "ஒப்பந்தம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் கைவிரிப்பார்கள். திகதி, தரப்புகள், வேண்டிய பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தாங்கிகள் என்றால் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி, கிடைத்ததற்கான எழுத்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு, வேறு நாட்டுடனான உறவு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். இந்த விஷயத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். அப்போது அதே பிரிவில் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று இருப்பதைச் சுட்டி, முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யுங்கள். முழுத் தாளும் தர முடியாது என்றால் குத்தகைக் காலம், வாடகை, முதலீட்டுத் தவணை ஆகிய பகுதிகளை மட்டும் பிரித்துக் கேளுங்கள். அவற்றைப் படை இரகசியம் என்று சொல்வது கடினம்.