பிராய்லர் கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

கேள்வி: எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் பிராய்லர் கறி எடுத்தால், “ஊசி போட்டு வளர்த்த கோழி, பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடும்” என்று மாமியார் தொடவே விடுவதில்லை. 40 நாளில் ஒரு குஞ்சு 2 கிலோ ஆவது எப்படி, டாக்டர்?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: ஹார்மோன் ஊசி போடுவதில்லை அம்மா. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் வைத்தியம் பார்த்தவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போட்டாலும் உடம்பில் வெகுநேரம் தங்காது. ஒரு நாளைக்கே பல தடவை போட வேண்டும். 5,000 கோழி உள்ள கொட்டகையை ஒரு குடும்பம்தான் கவனிக்கும். அத்தனையையும் பிடித்து ஊசி போடப் போனால், மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து மூச்சுமுட்டியே பல செத்துவிடும். கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக்கூலி வாங்கும் பண்ணைக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா?

அங்கே கொடுப்பது தடுப்பு மருந்து. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. அப்புறம், குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்தைப் பால்பவுடர் கரைத்த தண்ணீரில் கலந்து வைப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்தப் பால்பவுடர்.

வேகமான வளர்ச்சிக்கு, நன்றாக வளரும் கோழிகளையே பொறுக்கியெடுத்துப் பல தலைமுறையாக இனம் பெருக்கியதே முக்கியக் காரணம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் சுமார் 900 கிராம், புதியது 4.2 கிலோ!

பெண் பிள்ளைகள் இப்போது முன்கூட்டியே பூப்படைய, சத்தான சாப்பாடும் உடல் எடையும் பெரிய காரணங்கள். கறியே சமைக்காத வீடுகளிலும் இது நடக்கிறது.

என் கவலை வேறு. நோய் வராமலிருக்கவும் எடை கூடவும் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் போடும் பழக்கம் இருக்கிறது. மற்ற மருந்துகள் கேட்காதபோது மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாகத் தரும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக்கூடக் கோழிக்குக் கொடுத்து வந்தார்கள்; 2019-இல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. மருந்து கொடுத்தால், அது கோழியின் உடம்பிலிருந்து நீங்குவதற்காகக் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே கறிக்குப் பிடிக்க வேண்டும். எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கறிக்கடையில் நின்று பார்த்து இதை நீங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது; அரசுதான் சோதிக்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது அடுப்படி. கறியைக் குழாயடியில் பிடித்துத் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள், கிருமி பக்கத்துப் பாத்திரமெல்லாம் பரவும். கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் நறுக்காதீர்கள். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு மாறும்வரை வேகவிடுங்கள். நாட்டுக்கோழி எடுத்தாலும் இதையே செய்யுங்கள்.