கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் எப்போதும் தோல்வியையே எதிர்பார்க்கிறார்கள்?

தன் அணி முன்னிலையில் இருக்கும்போதே "எப்படியும் கோட்டை விடத்தான் போகிறார்கள்" என்று சொல்வதைத்தான் ரசிகரின் அவநம்பிக்கை என்கிறோம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) இது நிறையவே உண்டு.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ரசிகர்களைப் பாருங்கள். 1994, 1995, 1997 என மூன்று தேசியப் பட்டங்களைக் கொண்டாடியவர்கள். அப்புறம் ஒன்றுகூட இல்லை. 2021இல் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. அந்த ஒன்பதுமே ஒன்பது புள்ளிகளோ அதற்கும் குறைவாகவோ வித்தியாசத்தில் போனவை; இந்த ஆட்டத்தில் அது சிறிய இடைவெளிதான்! படுதோல்வி என்றால் முதல் பாதியிலேயே மனசு ஆறிவிடும். நூலிழையில் நழுவுவது அப்படியல்ல, கடைசி நிமிடம் வரை ஆசை காட்டிவிட்டுப் போகும். பருவத்துக்கு ஏறக்குறைய 12 ஆட்டம்தான் என்பதால் ஒவ்வொன்றும் ஆழமாகப் பதிகிறது.

தேர்வு முடிவுக்கு முந்தின நாள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட "ஃபெயில்தான்" என்று சொல்லி வைக்குமே, அதே மனநிலைதான். ஏமாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராவது.

இவர்களுக்கு அணிமேல் பாசம் விட்டுப்போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: லிங்கன் நகரிலுள்ள நெப்ராஸ்காவின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் ரசிகர்கள் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்துவந்திருக்கிறது.