ரோட்டில் ஓடுவது ஒரு வண்டி, கிராண்டில் இருப்பது வேறு வண்டி

வாசகர் கேள்வி (சுருக்கம்): நான் பிறையில் இருக்கிறேன், வேலை பாயான் லெப்பாஸில். அப்பா இராணுவத்தில் இருந்தவர். அவர் நினைவாக, 2023-இல் இராணுவத்தில் ஓடிய ஒரு பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 டீசல் பிக்கப்பை 42,000 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். விற்றவர் பட்டறை நடத்துபவர், இருபது வருடப் பழக்கம். "நம்பர் 1976-இல் பதிவான ஒரு பெட்ரோல் லேண்ட் ரோவருடையது. இந்த மாதிரி வண்டிக்கு எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்" என்றார். பெயர் மாற்றுவதற்கான ஆய்வுக்கு அவரே போய் வந்தார். மேற்கொண்டு 11,000 ரிங்கிட் செலவழித்து வண்டியைச் சரிசெய்தேன். தினமும் பினாங்குப் பாலம் தாண்டி அதில்தான் வேலைக்குப் போகிறேன். கூட வேலை செய்யும் மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொள்வார்கள். டீசல் விலை ஏறியதும் அரசின் புடி மடானி உதவிக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. இப்போது கியர்பாக்ஸ் தகராறு செய்கிறது, அவர் போனை எடுப்பதே இல்லை. ஆற்றாமையில் எல்லாவற்றையும் முகநூலில் எழுதிவிட்டேன். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 53,000 ரிங்கிட் கேட்கலாமா?

பதில்:

அப்பாவின் நினைவாக வாங்கிய வண்டி இப்படி ஆனதில் உங்களுக்கு எவ்வளவு வேதனை என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் இருபது வருட நட்பையோ எடுக்காத போனையோ எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. கியர்பாக்ஸ்கூட இரண்டாம் பட்சம்தான். உங்கள் வழக்கைத் தீர்மானிக்கும் வரி ஒன்றே ஒன்று: நம்பர் வேறு வண்டியுடையது என்று அவர் முதலிலேயே சொன்னார், தெரிந்தே நீங்கள் வாங்கினீர்கள்.

நீங்கள் ஓட்டும் டிஃபெண்டர் பதிவில்லாத வண்டி. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 7-வது பிரிவு, பதிவில்லாத வண்டியை ஓட்டுவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. வேறொரு வண்டியின் நம்பரை மாட்டி ஓட்டினால் 108-வது பிரிவும் வரும். கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், என் பெயரில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அந்த 1976 பெட்ரோல் வண்டிக்கு.

ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். பானெட்டைத் திறந்தால் பிரேக் பெடல் பெட்டியின் மேல் ரிவெட் அடித்த ஒரு தகடு இருக்கும். அதே எண் வலது முன் சக்கரத்தின் வளைவுக்குள், ஸ்பிரிங் தாங்கிக்கு முன்னால், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலேயே குத்தப்பட்டிருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். டிஃபெண்டர் என்றால் எஸ், ஏ, எல் என்ற எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 17 இடங்கள் இருக்கும். 1976 வண்டிக்கு அந்த முறையே கிடையாது, கிராண்டில் இருப்பது குட்டையான பழைய எண்ணாகத்தான் இருக்கும். எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சீரீஸ் எனப்படும் அந்தக் காலத்து லேண்ட் ரோவர்களுக்குப் பட்டை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், உங்கள் 110-க்குச் சுருளான காயில் ஸ்பிரிங். விவரம் தெரிந்த அதிகாரி குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

புடி மடானி கிடைக்காததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் தரத்தான் அந்தத் திட்டம் வந்தது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் உங்கள் வண்டி பெட்ரோல். தயவுசெய்து அதற்கு மேல்முறையீடு செய்யாதீர்கள். "நான் ஓட்டுவது டீசல் வண்டிதான்" என்று நீங்களே ஓர் அரசு இலாகாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஆகும்.

அடுத்து காப்புறுதி. எனக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் இருப்பதும் அந்தப் பெட்ரோல் வண்டிதான். நாளை பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மீது இடித்துவிட்டீர்கள் என்றால், காப்புறுதி நிறுவனம் முதலில் அனுப்புவது விபத்தை மதிப்பிடும் ஆளைத்தான். அவர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணைத்தான். "நாங்கள் காப்புறுதி கொடுத்த வண்டியே இது இல்லை" என்று நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகும். அது ஜெயித்தால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில். சாலை விபத்து வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே கிடையாது என்பதை மறக்காதீர்கள். காலம் முழுக்கப் படுக்கையில் கிடக்க வேண்டிய ஓர் இளைஞருக்கான தொகை உங்கள் வீட்டையும் சேமிப்பையும் கொண்டு போய்விடும். காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றம் தனி. 90-வது பிரிவின்கீழ் 1,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் சின்னதுதான். கூடவே 12 மாதம் லைசென்ஸ் இழப்பதுதான் வேலைக்குப் போகிறவரை உலுக்கும்.

பின்னால் ஏறும் அந்த மூன்று பேர்? சாதாரணத் தனியார் வண்டியில் உடன் வருபவர்களுக்கான பொறுப்பு, கட்டாயக் காப்புறுதியில் பொதுவாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தாலும் அது பெட்ரோல் வண்டிக்குச் சேர்த்தது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இனி அவர்களை ஏற்றாதீர்கள். நீங்களும் ஓட்டாதீர்கள், "இந்த வாரம் மட்டும்" என்றுகூட வேண்டாம்.

சரி, போலீஸ் புகாருக்கு வருவோம். இந்த மாதிரி விஷயங்களில் என்னிடம் வந்தவர்கள் பலர் விழுந்த குழி இதுதான். கோபத்தில் நேராகப் போலீஸ் நிலையம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நமக்கு நல்லதுதானே என்ற நம்பிக்கை. புகார் உங்கள் வாய்மொழி, உங்கள் கையெழுத்து. அதில் "நம்பர் வேறு வண்டியுடையது என்று தெரியும்" என்ற வரி வந்துவிட்டால், அதற்குப் பிறகு புகார்தாரர், சந்தேக நபர் என்று இரண்டு பேர் இல்லை. இரண்டு சந்தேக நபர்கள்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. அவரும் இப்படித்தான் ஒரு பழைய பிக்கப் வாங்கி, பழுதுக்குப் பணம் கொட்டி, விற்றவர் மீது மோசடிப் புகார் கொடுத்தார். அன்றைக்கே வண்டி பறிமுதல். விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் நிதானமாகப் போனை எடுத்து வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டினார்: "அண்ணே, நம்பர் மாட்டியாச்சா, எப்ப எடுத்துக்கலாம்?" கேட்டது என் கட்சிக்காரர். அதன் பிறகு அவர் பணத்தைத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டு, தன் மீது குற்றச்சாட்டு வராமல் இருக்க ஓட வேண்டியிருந்தது. வண்டி தடயப் பொருள் என்று வெயிலிலும் மழையிலும் நின்றது. டயர் உளுத்து, தளத்தில் துரு ஏறி, கடைசியில் யாருக்கும் உதவாமல் போனது.

நீங்களும் உங்கள் பழைய செய்திகளை இன்று இரவு உட்கார்ந்து படியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அவர் போனில் இருக்கும், உங்களிடம் இல்லாமல் போகும். தடயத்தை அழித்தார் என்ற பேரும் வரும். வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் வழக்கறிஞரைப் பார்க்காமல் போகாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவில் வாக்குமூலம் எடுக்கும்போதுகூட, உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பலருக்கு இது வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் தெரிய வருகிறது.

முகநூல் பதிவை எடுத்துவிடுங்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம். ஊரைக் கூட்டி நீங்களே கொடுக்கும் ஒப்புதலாகவும் அது இருக்கிறது. எடுப்பதற்கு முன் ஒரு பிரதியை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.

நடுவர் மன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் வரம்பு 50,000 ரிங்கிட், நீங்கள் கேட்பது 53,000. அவர் பட்டறை வைத்து வியாபாரம் செய்பவர் என்பதால் வழக்கை ஏற்கலாம், மூன்று ஆண்டுக் கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேச வேண்டிய இடம் அது. முதல் கேள்வியிலேயே நம்பர் விஷயம் வெளியே வந்துவிடும். சிவில் நீதிமன்றத்திலும் நிலைமை வேறில்லை. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி சட்டம் தடுப்பதைச் செய்ய ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் கொடுத்ததைத் திரும்ப வாங்க 66-வது பிரிவு உண்டு. அது விஷயம் தெரியாமல் ஏமாந்தவருக்குக் கை கொடுக்கும் அளவுக்கு, தெரிந்தே இறங்கியவருக்குக் கை கொடுக்காது. நீங்கள் செலவழித்த 11,000-ஐ எந்த வழியிலும் எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள்.

அவருக்கும் பயம் இருக்கிறது. பெயர் மாற்றும் ஆய்வுக்கு அவர் கொண்டு போனது உங்கள் டிஃபெண்டராக இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பழைய பெட்ரோல் வண்டி எங்கோ இருக்கிறது. பேச்சுவார்த்தையில் உங்கள் பலம் அதுதான். அதை வழக்கறிஞர் வழியாக, பண்பான கடிதத்தில் பயன்படுத்த வேண்டும். நீங்களே போன் செய்து "பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது மிரட்டிப் பணம் கேட்டதாகத் திரும்பும்.

சமரசப் பத்திரத்திலும் ஒரு குழி இருக்கிறது. நிறையப் பேர் "பணம் கொடுத்தால் போலீஸ் புகார் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 24-வது பிரிவே இதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறது: கொள்ளையடித்தவன் பொருளின் மதிப்பைத் திருப்பித் தருகிறேன் என்பான், பறிகொடுத்தவர் வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்பார். அந்த ஒப்பந்தம் செல்லாது. உங்கள் பத்திரத்தில் அந்த வரி வந்தால் பத்திரம் முழுவதுமே ஆட்டம் காணும். வண்டி திரும்பப் போகிறது, பணம் திரும்ப வருகிறது, இருவருக்கும் இனிப் பணக் கோரிக்கை இல்லை. அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை மறந்தவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். டிஃபெண்டரைக் கொடுத்துவிட்டு கிராண்டை உங்கள் பெயரிலேயே விட்டுவிடாதீர்கள். அந்த நம்பரை அவர் அடுத்த மாதம் வேறொரு வண்டியில் மாட்டினால், சம்மனும் போலீஸும் வருவது உங்கள் வீட்டுக்கு. பழைய பெட்ரோல் வண்டியையே அவர் ஆய்வுக்குக் கொண்டு வரட்டும், இந்த முறை நீங்களும் கூடப் போய் சேசிஸ் எண்ணைக் கண்ணால் பாருங்கள், அன்றே பெயரை மாற்றிவிடுங்கள். அந்த வண்டி இப்போது இல்லை என்றால், பதிவை ரத்து செய்ய உங்கள் வழக்கறிஞர் ஜேபிஜேயிடம் முறைப்படி போக வேண்டும். டிஃபெண்டரை முறையான பதிவு இல்லாமல் இனி யாருக்கும் ரோட்டில் ஓட்டக் கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். உங்களைப் போல இன்னொருவர் ஆசைப்பட்டு வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. அதே காரணத்துக்காக நீங்களும் அதை வேறு ஒருவரிடம் தள்ளிவிடக் கூடாது. தள்ளினால் மோசடிக்கான 420-வது பிரிவில் நிற்கப்போவது நீங்கள்.

இராணுவம் அந்த வண்டியை அகற்றியபோது கொடுத்த பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். வண்டியாக விற்றார்களா, இரும்புக் கழிவாக விற்றார்களா என்பது அதில் இருக்கும். அப்படி ஒரு பத்திரமே இல்லை என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே உங்கள் வழக்கறிஞரிடம் போங்கள். திருட்டுப் பொருளை வைத்திருந்தார் என்ற கேள்வி எழக்கூடிய இடம் அது, அதற்கான யோசனை வேறு.

தொகை? அவர் 30,000 தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். தவணை வேண்டாம், ஒரே தடவையில் வங்கி வழியாக வரட்டும். பணம் கணக்கில் ஏறிய பிறகு வண்டியை லோரியில் ஏற்றி அனுப்புங்கள், ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். அதுவரை சாவியை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு பஸ்ஸிலோ நண்பர் ஒருவரின் காரிலோ போங்கள்.