வீட்டு சர்வர் மெதுவாக இருக்கிறதா? முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். ஒரே ஒரு வேண்டுகோள்: "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள், வினாடிக்கு எத்தனை எம்பி (மெகாபைட்) வருகிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஃபைல் பகிர சாம்பா மென்பொருளை ஓட்டுகிறேன். ரவுட்டர் பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருக்கிறது. ஆனால் படம் காப்பி செய்தால் வினாடிக்கு 11 எம்பியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பதில்: 11 என்றதுமே பாதி வேலை முடிந்தது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி ஒட்டும் செலவு போக, கையில் நிற்பது 11 சொச்சம். அதாவது உங்கள் லைன் கிகாபிட்டில் (1000 மெகாபிட்) ஓடவில்லை, 100இல் ஓடுகிறது. சர்வரில் நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் (ethtool) கட்டளையைப் போட்டு வேகம் (Speed) என்ற வரியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 என்ற நாலு பின்னே போதும். மற்ற நாலில் ஒன்று விட்டுப்போனால் பெரும்பாலும் லைன் சாகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். என் வீட்டு மாடிக் கேபிளில் இதுதான் நடந்தது. பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பார்த்தேன். ஏழு செம்புப் புள்ளிதான் மினுங்கியது. பிரவுன் கம்பி ஒரு நூல் குட்டையாக உள்ளேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டு புது பிளக் கிரிம்ப் செய்ததும் 112 எம்பி வந்தது. அதற்கு முன் சாம்பா செட்டிங்கை மாற்றி மாற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது தனிக் கதை.

கேள்வி: நானும் அதே 11தான் சார். கேபிள் மாற்றியாகிவிட்டது, இன்னும் 100 என்றே காட்டுகிறது.

பதில்: அப்படியானால் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். இணைய இணைப்போடு வரும் மலிவு ரவுட்டர் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மீதி எல்லாம் 100. ரவுட்டரை மாற்ற வேண்டாம். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, சர்வரையும் கம்ப்யூட்டரையும் அதில் செருகுங்கள். இரண்டுக்கும் இடையே போகும் ஃபைல் ரவுட்டர் பக்கமே எட்டிப் பார்க்காது.

கேள்வி: எனக்கு 110 எம்பியில் ஜம்மென்று ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் 20க்கு விழுந்துவிடுகிறது. நெட்வொர்க் கார்டு சூடாகிறதோ?

பதில்: கார்டைத் திட்டாதீர்கள். முதலில் வருவதை ரேம் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே வருகிறது.

உறுதி செய்ய இரண்டு பக்கமும் ஐபெர்ஃப்3 (iperf3) போட்டு ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் அளவில் வந்தால் வயர் நிரபராதி. எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடிவாங்கும் கேபிள்களும் உண்டு.

அப்புறம் உங்கள் டிஸ்க் எஸ்எம்ஆர் (SMR) வகையா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். இதில் டேட்டா எழுதும் தடங்கள் வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தமாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற அக்கம்பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதை. படிப்பதில் குறையில்லை, தொடர்ந்து எழுதினால்தான் மூச்சு வாங்கும். பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டில் போடாதீர்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 3பி பிளஸ் என்ற குட்டி கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்திருக்கிறேன். கிகாபிட் என்று சொல்லித்தான் வாங்கினேன், பாதிகூட வரவில்லை.

பதில்: வராது. அதன் ஈத்தர்நெட் (கேபிள் இணைப்பு) யுஎஸ்பி 2.0 வழியாகத்தான் போகிறது. உச்சமே ஏறக்குறைய 300 மெகாபிட். வெளி டிஸ்க்கும் அதே பாதையில் நெருக்கிக்கொண்டு வரும். 2019இல் வந்த பை 4இல் ஈத்தர்நெட்டுக்குத் தனிப் பாதை.

கேள்வி: பெரிய படம் பறக்கிறது, பத்தாயிரம் போட்டோ உள்ள ஃபோல்டர் மட்டும் ஊர்கிறது.

பதில்: ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகப் பேச்சு நடக்கிறது. டார் (tar) கட்டளையால் எல்லாவற்றையும் கட்டி ஒரே மூட்டையாக அனுப்புங்கள்.

கேள்வி: பாக்கெட்டைப் பெரிதாக்கும் ஜம்போ ஃபிரேம் போட்டால் வேகம் கூடுமாமே?

பதில்: கிகாபிட்டில் கிடைப்பது சொற்பம். வழியில் ஒரு கருவி 9000 பைட் பாக்கெட்டுக்கு ஒத்துழைக்காவிட்டால் வரும் தலைவலி பெரிது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐபி முகவரி போட்டால் வேகம், என் டொமைன் பெயர் போட்டால் ஆமை. இரண்டும் ஒரே சர்வர்தானே?

பதில்: சர்வர் ஒன்று, பாதை வேறு. வெளியிலிருந்து சர்வரை எட்ட இன்டர்நெட் வழியாக டனல் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் பக்கத்து அறைக்குப் போக வேண்டிய ஃபைல் இன்டர்நெட்டைச் சுற்றிவிட்டு வருகிறது, உங்கள் அப்லோட் வேகத்தில். பெயரை ஐபியாக மாற்றித் தரும் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்ளூர் ஐபியை எழுதிவிடுங்கள். போன் பழைய முகவரியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரி.