பக்கம் 212 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வயது 43. தினமும் பேருந்தில் திருநெல்வேலிக்குப் போய்வந்து கணக்கு வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரே ராத்திரியில் ஒரு நாவலை முடித்தவள் நான். இப்போது பிள்ளைகள் படுத்தபின், பத்தரை மணிக்குக் கட்டிலில் சாய்ந்து புத்தகத்தைத் திறந்தால் மூன்று பக்கம் தாண்டுவதில்லை. கண் வரிகளின் மேல் போகிறது, மனதில் எதுவும் ஏறவில்லை. விழித்துப் பார்த்தால் புத்தகம் முகத்தில் கிடக்கிறது. 900 பக்க நாவல் ஒன்றில் மூன்று வாரமாக 212ஆம் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒன்பதரைக்குக் காபி குடித்துப் பார்த்தேன். படிப்பும் நடக்கவில்லை, அப்புறம் தூக்கமும் சரியில்லை. கைபேசியை எடுத்தால் மட்டும் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. "உனக்குப் புத்தகம்தான் தூக்க மாத்திரை" என்று வீட்டில் கேலி. எனக்கு வாசிப்பு விட்டுப்போய்விட்டதா?

ம.

அன்புள்ள ம.,

விட்டுப்போகவில்லை. வீட்டில் கேலி செய்கிறவர்களிடம் சொல்லுங்கள், புத்தகம் தூக்கத்தைக் கொண்டுவருவதில்லை. சாயங்காலத்திலிருந்தே வாசலில் காத்து நிற்கும் தூக்கத்துக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது கூடக் கூடத் தூக்கம் அழுத்தும். பாத்திரம் கழுவும்போதும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும்போதும் அது உங்களுக்குள் இருக்கத்தான் செய்கிறது. அசைவும் பேச்சும் வெளிச்சமும் அதை மறைத்துவைக்கின்றன. கட்டிலில் சாய்ந்து, சத்தமில்லாத அறையில், அசையாத எழுத்தைப் பார்க்கும்போது எல்லா மறைப்பும் விலகிவிடுகிறது. கைபேசி இன்னொரு மறைப்பு. அரை நிமிடத்துக்கு ஒரு புதுப் படம் காட்டி, தூக்கத்தை வெளியே தெரியவிடாமல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 'எனக்குத் தூக்கமில்லை, புத்தகம்தான் பிடிக்கவில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம்.

காபியும் இதே ரகம். கஃபீன் அடினோசினை அகற்றுவதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி இரண்டரைக்கும் உங்களோடுதான் இருக்கிறது. மறுநாள் இன்னும் அதிகக் களைப்போடு அதே 212ஆம் பக்கத்துக்கு வருகிறீர்கள்.

ஒன்று சொல்கிறேன், ஆறுதலாக இருக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் எவாகிரியஸ் என்ற துறவி இருந்தார். சோம்பல் பிடித்த துறவி எப்படிப் படிப்பான் என்று எழுதிவைத்திருக்கிறார். கொட்டாவி விடுவான். கண்ணைக் கசக்குவான். கையை நீட்டி நெளிப்பான். புத்தகத்திலிருந்து பார்வையை எடுத்துச் சுவரைப் பார்ப்பான். மறுபடி கொஞ்சம் படிப்பான். இன்னும் எத்தனை ஏடு மிச்சம் என்று எண்ணுவான். கையெழுத்து சரியில்லை என்று குறை சொல்வான். கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவான், அதுவும் நல்ல தூக்கமாக இருக்காது, பசி வந்து எழுப்பிவிடும். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால், கைபேசி இல்லாத பாலைவனத்தில், கடவுளுக்காக எல்லாவற்றையும் விட்டுவந்தவர்களின் நிலைமை இது! இந்தச் சோம்பலை அவர் நடுப்பகல் பேய் என்றார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தணிகிறது, சாப்பிடாதவர்களுக்கும் அப்படித்தான் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. பேய்க்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

சீனத்தில் இதற்கு வேறு வைத்தியம். ஒருவர் தலைமுடியை உத்தரத்தில் கட்டிக்கொண்டு படித்தார், இன்னொருவர் தூங்கினால் தொடையில் ஊசியால் குத்திக்கொண்டார் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். நம் ஊரிலும் குடுமியை ஆணியில் கட்டிப் படித்த தாத்தாக்கள் உண்டு. எனக்கு இந்தக் கதைகள் பிடிப்பதில்லை. பரீட்சைக்கு வேண்டுமானால் முடியைக் கட்டலாம். நாவலை எதற்கு அப்படிப் படிக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: 43 வயது. எனக்கு நாற்பத்திரண்டு நடக்கும்போது இதே புகார்தான் இருந்தது. இரண்டு பக்கத்தில் இமை கனத்தது, நெற்றி வலித்தது, புத்தகத்தை வைத்துவிடலாம் போலிருந்தது. ரசனை வற்றிவிட்டது என்று நினைத்தேன். நண்பர்களிடம் அதைப் பற்றித் தத்துவம்கூடப் பேசினேன், வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் மருந்துச் சீட்டை வாசிக்கக் கையை முழுதாக நீட்டியதைப் பார்த்து, கடைப் பையன் சிரித்துவிட்டான். வெள்ளெழுத்து! நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. கிட்ட இருக்கும் எழுத்தைத் தெளிவாக்கக் கண்ணின் தசை கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் களைப்பைத்தான் இரண்டு வருடம் தூக்கம் என்று நம்பியிருந்தேன். ஒரு சாதாரணக் கண்ணாடி, அன்று ராத்திரியே நாற்பது பக்கம். மங்கலான விளக்கில் இது இன்னும் மோசமாகும். முதலில் கண்ணைக் காட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கண் சரியென்றால், ஒரு சோதனை செய்யலாம். தலை சாயத் தொடங்கும்போது எழுந்து நின்று, அதே பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அரைப் பக்கத்தில் தெளிவு வந்தால் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் சலிப்பு. நின்றும் நாக்கு குழறினால் அது தூக்கம், விளக்கை அணைத்துவிடுங்கள். வாய்விட்டுப் படிப்பது சின்னப்பிள்ளை வேலை இல்லை. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. குரல் கொடுத்துப் பார்த்தால்தான் எங்கே பிரிகிறது என்று பிடிபடும். எங்கள் தாத்தா கடைசிவரை செய்தித்தாளைத் திண்ணையில் உரக்கத்தான் படித்தார். தெருவுக்கே சேதி கிடைத்தது, அவர் ஒருநாளும் தூங்கவில்லை.

கண் போகிறது, மனதில் ஏறவில்லை என்றீர்களே, அது எல்லோருக்கும் நடக்கிறது. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி, ஓரிடத்தில் கால் நொடிபோல நின்று போகிறது. பழகிய கண் அந்தத் தாவலை மனசு இல்லாமலே செய்துகொண்டிருக்கும். கையில் ஒரு பென்சில் இருந்தால் எனக்கு இது குறைகிறது. கோடு போடுவது அவசியமில்லை, போடலாம் என்ற நினைப்பு போதும்.

நேரத்தை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். நாளின் கடைசிச் சொட்டை வாசிப்புக்கு வைத்துவிட்டு, அது நிறையவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். காலையில் அலுவலகம் போனதும், கணக்கைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பேருந்தில் தலை சுற்றாது என்றால் அதுவும் சரி. சுற்றுமென்றால் அங்கே தூங்குங்கள், இருபது நிமிடம். அதற்கு மேல் நீண்டு ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விட்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும். ஏழு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் கண் சொருகுகிறது, குறட்டை இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால், எனக்கு எழுதாமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று பார்க்க வேண்டியவை உண்டு.

படுக்கையில் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூன்று பக்கம் படித்துத் தூங்கிப்போவது நல்ல சுகம். அதற்கு வேறொரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே படித்ததாக இருக்கட்டும். நானும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக முடியவில்லை.

அந்த நாவலை 212இலிருந்து தொடங்காதீர்கள். பாதித் தூக்கத்தில் புரட்டிய பக்கங்கள் அதற்கு முன்னால் கிடக்கின்றன. 190க்குப் போய், யார் யாருக்கு என்ன உறவு என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.